சென்னையிலிருந்து சனி, ஞாயிறில் குடும்பத்தோடு போய்வர எந்த ஊர் நல்லது?

மாமல்லபுரமும் பாண்டிச்சேரியும் பார்த்துச் சலித்துவிட்டது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு போய்வர வேறு இடம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரைச் சொல்வதற்கு முன் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே இருப்பீர்கள்? சென்னைக்குத் திரும்பும் வழியில் பரனூர் டோல்கேட் வரிசையில் என்றால், எந்த ஊருக்குப் போயிருந்தாலும் வீண்தான்.

பட்டுத் தெரிந்துகொண்டது இது. நாங்கள் குரோம்பேட்டைவாசிகள். சில வருடங்களுக்கு முன் ஏலகிரிக்குக் கிளம்பினோம். 230 கிலோமீட்டர்தானே, நாலு மணி நேரம் என்று கணக்குப் போட்டு, சனிக்கிழமை இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கு வண்டியை எடுத்தேன். மலை ஏறும்போதே மணி இரண்டு. அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பாரி வளைவில் என் மகள் பாரியைப் போலவே கணக்குப் பார்க்காமல் வாந்தி எடுத்தாள். தங்கிய விடுதியோ படத்தில் வேறு, நேரில் வேறு. மறுநாள் படகுத்துறையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, மூன்று மணிக்கு இறங்கி, ஸ்ரீபெரும்புதூரில் ஊர்ந்து, வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது இரவு பதினொன்றரை. திங்கட்கிழமை யாரும் யாரோடும் பேசவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரே வழக்கம்தான். சனிக்கிழமை விடிகாலை ஐந்துக்குக் கிளம்பி, சனிக்கிழமையே திரும்பிவிடுவது. ஊரே வெள்ளி ராத்திரி வெளியே போய் ஞாயிறு சாயங்காலம் உள்ளே வருகிறது. சனிக்கிழமை மாலை சென்னைக்குள் வரும் பக்கம் சாலை காலியாகத்தான் இருக்கும். ஞாயிறு முழுக்க வீட்டில் காலை நீட்டிப் படுக்கலாம். அறை வாடகையும் மிச்சம். ஒரு பக்கம் மூன்று மணி நேரத்துக்குள் போகும் ஊராக இருந்தால் போதும்.

அப்படிப் போனதில் எனக்கு முதலிடம் செஞ்சி. திண்டிவனத்தில் வலப்பக்கம் திரும்பினால் அரை மணி நேரம் சொச்சம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள், மூன்றையும் வளைத்துப் பிடித்தது போல மதில். 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்தபோது முகலாயப் படை வெளியே காத்துக் கிடந்து, எட்டு வருடம் போல முற்றுகையிட்டு 1698இல்தான் உள்ளே வர முடிந்தது. ஏறிப் பார்த்தால் ஏன் அவ்வளவு காலம் ஆனது என்று உங்கள் முழங்காலே சொல்லும். ராஜகிரிக்கு ஆயிரம் படிக்கு மேல். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து பள்ளமாகக் கிடக்கிறது, அதன்மேல் ஒரு சின்னப் பாலம். அதை எடுத்துவிட்டால் எந்தப் படையும் அந்தப் பக்கத்திலேயே நிற்க வேண்டியதுதான். என் மகன் அந்தப் பாலத்தில் நின்றுகொண்டு பத்து நிமிடம் எங்கள் யாரையும் கடக்க விடவில்லை, தேசிங்கு ராஜாவாம். (செஞ்சியை ஆண்ட தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதிலேயே இறந்தவர். கதை தெரிந்த பெரியவர் யாராவது கூட வந்தால் நீலவேணிக் குதிரை வரைக்கும் சொல்வார்கள்.) 2025இல் மராத்தியக் கோட்டைகள் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள், இனிமேல் கூட்டம் கூடும்.

செஞ்சிக்குப் போகுமுன் காலண்டரைப் பாருங்கள். பௌர்ணமி என்றால் அந்தச் சாலை முழுக்கத் திருவண்ணாமலைக் கிரிவலக் கூட்டம். அமாவாசை என்றால் பக்கத்திலேயே மேல்மலையனூர். இரண்டு நாளும் வேண்டாம். செஞ்சி டவுனில் டிபனை முடித்துக்கொண்டு, டிக்கெட் கொடுக்க ஆரம்பித்ததுமே ஏறிவிடுங்கள். பதினொன்றுக்கு மேல் பாறை கொதிக்கும், மத்தியானத்துக்கு மேல் உச்சிக்கு விடவும் மாட்டார்கள். கையில் தின்பண்டப் பை தொங்கினால் அது குரங்குக்குத்தான்.

மலை ஏற முடியாதவர்கள் இருந்தால் உத்திரமேரூரும் வேடந்தாங்கலும். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்ளலாம், நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போனால். காலையில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருப்பது இங்கேதான், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் படித்துக் கடந்துபோன விஷயம், நேரில் சுவரெல்லாம் எழுத்தாக நிற்கிறது. வாரியத்துக்கு, அதாவது ஊர் நிர்வாகக் குழுவுக்கு, நிற்பவர் 35 வயதுக்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமில்லை, அவனுடைய உறவுக்காரர்களும் நிற்கக்கூடாது. இதை வாசித்துச் சொன்னதும் கூட வந்த என் மச்சான், “அப்படிப் பார்த்தால் இன்றைக்கு யார் மிஞ்சுவார்கள்?” என்றான். நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும் திறந்த சபை அது என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாக வேடந்தாங்கல் போனால் போதும். நாலு மணிக்கு மேல்தான் இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் என்று இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு இறங்குவதைப் பார்த்தால் தாம்பரத்தில் மின்சார ரயில் பிடிப்பது போலவே இருக்கும். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பது ஊர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும், அதனால்தான் சுடவும் விடாமல் வெடி வெடிக்கவும் விடாமல் காக்கிறார்கள். ஏரி வற்றிய வருடமென்றால் போய் ஏமாறாதீர்கள், முதலில் யாரையாவது விசாரியுங்கள்.

வண்டி இல்லாதவர்களுக்குப் பழவேற்காடு. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக்காரர்கள் 1600களில் கோட்டை கட்டி வியாபாரம் பார்த்த ஊர். கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர்தான், ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள், அதற்காகவே போகலாம். மீனவர் படகில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து இருபது பேருக்கு மேல் இறந்த இடம் அது.

ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் வேண்டும் என்றால் மாமல்லபுரத்தில் நிற்காமல் கடப்பாக்கம் வரை போங்கள். ஆலம்பரைக் கோட்டையின் உடைந்த செங்கல் சுவரும் பக்கத்திலேயே கழிமுகமும் இருக்கும், கடை கண்ணி பெரிதாக இருக்காது. தண்ணீர், சோறு எல்லாம் வீட்டிலிருந்தே.

மாமியாரோடு போவதென்றால் யோசிக்கவே வேண்டாம், காஞ்சிபுரம். கைலாசநாதர் கோயிலைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். பன்னிரண்டு மணிவாக்கில் எல்லாக் கோயிலும் நடை சாத்திவிடுவார்கள், திறக்க நாலு மணி ஆகும். நடுவில் உள்ள அந்த நாலு மணி நேரம் பட்டுப்புடவைக் கடையில்தான் போகும், பர்ஸை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தேன் என்று சொன்னாலும் ஜிபே இருக்கிறதே என்பார்கள்.