அம்மாவின் செருப்பு – கடிதம்

வணக்கம் சார்,

மருந்து கொடுத்து எலிகளின் பயத்தை மறக்கடித்த விஞ்ஞானியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நாங்கள் நீலகிரியில் கேத்தி. 2009 நவம்பர் மழையில் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்து, பக்கத்து வீட்டுச் சமையல்கட்டு மண்ணுக்குள் போய்விட்டது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து, ராத்திரி தகரக் கூரையில் மழை விழுந்தால் போதும், அம்மா எழுந்து ரேஷன் கார்டு இருக்கும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்படியில் போய் நிற்பார். நாங்கள் கூப்பிட்ட பிறகுதான் அவருக்கே தெரியும். 'செருப்பை எப்ப மாட்டுனேன்னே தெரியலையேப்பா' என்பார்.

போன வருஷம் கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் ஒரு மாதம் வைத்திருந்தோம். அங்கேயும் நல்ல மழை, அங்கேயும் தகர ஷீட்தான். முதல் நாலைந்து ராத்திரி எழுந்தார், அப்புறம் அயர்ந்து தூங்கினார். சரியாகிவிட்டது என்று கூட்டிவந்தோம். கேத்தியில் முதல் மழைக்கே மறுபடியும் வாசல்படி.

அந்த மருந்து மனிதர்களுக்குக் கிடைக்குமா சார்? அம்மாவுக்கு வீசிங் உண்டு, வேறு தொந்தரவு இல்லை. 'பயப்பட ஒண்ணுமில்லம்மா' என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறமாட்டேன் என்கிறது.

(பெயர் வேண்டாம்), கேத்தி

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மருந்து உங்கள் அம்மாவுக்கு ஆகாது. எலியின் கதையை நான் ஆர்வக்கோளாறில் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போல. இன்னும் இரண்டு பேர் இதையே கேட்டிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மூளை விஞ்ஞானி ஜோசப் லெடூவின் ஆய்வுக்கூடம். ஒரு சத்தம், உடனே காலில் லேசான மின் அதிர்ச்சி. அடுத்த முறை சத்தம் மட்டும் கேட்டாலே எலி அப்படியே உறைந்து நிற்கும். 2000-ல் அங்கே கரீம் நேடர், கிளென் ஷாஃப் இருவரும் லெடூவுடன் சேர்ந்து வெளியிட்ட சோதனையில், எலிக்கு அந்தச் சத்தத்தை ஒரு முறை போட்டுக் காட்டி, உடனே மூளைக்குள் ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். புதுப் புரதம் உண்டாகாமல் தடுக்கும் மருந்து. மறுநாள் சத்தம் போட்டால் எலி அவ்வளவாக உறையவில்லை. சத்தத்தைக் கேட்கவைக்காமல் மருந்தை மட்டும் கொடுத்த எலிகளிடம் ஒரு மாற்றமும் இல்லை. இறுகிப்போன வெல்லப்பாகைச் சூடு காட்டினால் இளகும், ஆறினால் மறுபடி இறுகும், இல்லையா? நினைவும் நினைக்கும்போது இளகுகிறது, மறுபடி இறுகப் புரதம் வேண்டும். அதுவரை, ஒரு தடவை இறுகிய நினைவு இறுகியதுதான் என்று பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அந்த மருந்து மண்டையில் குழாய் வைத்துச் செலுத்தியது, நச்சு. மனிதருக்கு அதே வேலையைச் செய்யுமா என்று புரோப்ரனலால் என்ற ரத்த அழுத்த மாத்திரையை வைத்துப் பார்த்தார்கள். சில சோதனைகளில் பலன், சிலவற்றில் ஒன்றுமில்லை. தயவுசெய்து மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வீசிங் இருப்பவருக்கு அது மூச்சையே அடைத்துவிடலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவைத்தது கோயம்புத்தூர்தான். நீங்கள் தெரியாமலே ஒரு பழைய சோதனையை அப்படியே செய்து பார்த்திருக்கிறீர்கள். எலிக்கு அதிர்ச்சி இல்லாமல் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டால் உறைவது குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும். பயம் அழிந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் அதை வேறொரு கூண்டில் வைத்துப் பழக்கியிருந்தால், பழைய கூண்டில் திரும்ப விட்டதும் உறைந்துவிடும். முதல் பாடம் அழியவே இல்லை. அதன் மேல் 'இங்கே ஒன்றும் ஆகாது' என்று இரண்டாவதாக ஒரு பாடம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த 'இங்கே' என்ற சொல்தான் வினை. இடத்தைக் குறித்துவைப்பது மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. அம்மா கற்றது 'மழை ஆபத்தில்லை' என்பதை அல்ல, 'அக்கா வீட்டு மழை ஆபத்தில்லை' என்பதை. அந்த ஒரு மாதம் வீண் என்று நினைக்காதீர்கள். அவரால் இன்னும் புதிதாகக் கற்க முடிகிறது என்று அது காட்டிவிட்டது. ஆனால் கேத்திப் பாடத்தைக் கேத்தியில்தான் படிக்க வேண்டும்.

அப்புறம் அந்தச் செருப்பு. அதற்கு லெடூவின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு சின்ன ஊர், அப்பா இறைச்சிக்கடைக்காரர். மாட்டைச் சுட்டுத்தான் சாய்ப்பார்கள். மூளையை வாங்கிப்போகிறவர் பல்லில் ஈயம் கடிபடக் கூடாதே என்று அதற்குள் விரலை விட்டுக் குண்டைத் தேடி எடுப்பது பையனின் வேலை. (கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டு மூளை வாங்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான்.) கல்லூரியில் படித்ததென்னவோ மார்க்கெட்டிங். அங்கிருந்து தாவி மைக்கேல் கசானிகா என்ற மூளை ஆராய்ச்சியாளரிடம் மாணவரானார். வலிப்புக்காக மூளையின் இரு பாதிகளையும் பிரித்துவிட்ட நோயாளிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுத்திறன் இல்லாத பாதிக்கு மட்டும் ஒரு சொல்லைக் காட்டுவார்கள். என்ன சொல் என்று அப்படி ஒரு நோயாளிப் பையனால் வாய்திறந்து சொல்ல முடியாது. ஆனால் அது நல்லதா கெட்டதா என்று சரியாகச் சொல்லிவிடுவான். என்னவென்றே தெரியாத ஒன்றைப் பற்றி உணர்ச்சி மட்டும் எப்படி வந்து சேர்கிறது? அந்தக் கேள்வி அவரை எலிகளிடம் கொண்டுபோய்விட்டது.

1980-களில் அவர் கண்டது: எலியின் மூளையில் ஒலியைப் பகுத்து அறியும் மேல்பகுதியை நீக்கினாலும் அது சத்தத்துக்கு உறையக் கற்றுக்கொள்கிறது. ஏனென்றால் காதிலிருந்து வரும் செய்தி நடுவழியில் பிரிந்து, மேலே போகாமலே, பாதாம் பருப்பு வடிவிலான அமிக்டலா என்ற பகுதிக்குக் குறுக்கு வழியில் போய்விடுகிறது. சுமார் 12 மில்லிவினாடி. மேலே போய்ச் சுற்றிவந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குக் குறும்பாடி வழியாக வருவதற்கும் கோத்தகிரியைச் சுற்றி வருவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் கால் செருப்பைத் தேடிப்பிடித்தது அந்தக் குறுக்கு வழியில்தான் தொடங்கியிருக்கும். அவருக்குச் செய்தி வந்து சேர்வதற்குள் உடம்பு கிளம்பிவிட்டது.

இந்த ஆராய்ச்சியால் அமிக்டலாவுக்கு 'பயத்தின் மையம்' என்று பெயர் வந்தது. லெடூவுக்கும் பேர் வந்தது. ஐம்பது தாண்டிய வயதில் அமிக்டலாவின் பெயரை வைத்தே ஒரு ராக் இசைக்குழு தொடங்குகிற அளவுக்கு. எனக்கு அவரிடம் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. இத்தனை வருஷம் 'பயம், பயம்' என்று எழுதியதே தப்பு என்று 2014-ல் கட்டுரையே எழுதினார். அமிக்டலா செய்வது ஆபத்தைக் கண்டு உடம்பைத் தயார்செய்வது. 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று நாம் உணர்வது வேறு. அது மேல்மூளை, தன் நினைவுகளையும் உடம்பின் படபடப்பையும் சேர்த்துக் கட்டுவது. எலி உறைவதைப் பார்த்து அது பயப்படுகிறது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை என்கிறார். எல்லோரும் இதை ஏற்கவில்லை, பெரிய சண்டையே நடக்கிறது. தன்னைப் பெரியாளாக்கிய சொல்லையே திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும் என்பது என் எண்ணம்.

உங்களுக்கு இதில் என்ன என்றால், 'பயப்பட ஒண்ணுமில்லம்மா' என்று நீங்கள் சொல்வது மேலே இருக்கிறவரிடம். செருப்பு மாட்டியவர் கீழே இருக்கிறார், அவருக்குத் தமிழ் புரியாது. அவருக்குத் திரும்பத் திரும்ப நடந்து காட்டினால்தான் புரியும். பகல் மழையில், அதே வீட்டில், கூட ஒருவர் உட்கார்ந்து தொடங்க வேண்டியது. ராத்திரி கனமழையில் வலுக்கட்டாயமாகப் படுக்கவைத்து நீங்களே பரீட்சை பார்க்காதீர்கள், இளகிய பாகு இன்னும் கெட்டியாக இறுகிவிடலாம். இதற்குப் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அவர்களே வழி சொல்வார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் எழுதவில்லை. பின்னாலிருக்கும் அந்த மேடு இப்போது எப்படி இருக்கிறது? தடுப்புச் சுவர் கட்டியாயிற்றா, மேலே விழும் தண்ணீர் வடிந்து ஓடக் கால்வாய் வெட்டியிருக்கிறதா, இல்லை இன்னும் வெறும் செம்மண்தானா? வெறும் மண் என்றால் நான் அம்மா பக்கம்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.