வேல்ஸ் ரயில்வேயில் மூதாதையர்

கேள்வி: 1850 வாக்கில் வேல்ஸின் டாஃப் வேல் ரயில்வேயில் வேலை பார்த்த ஜோன்ஸ் என்பவரை எப்படித் தேடுவது?

பதில்: முதலில் 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பிடியுங்கள். தொழில், பிறந்த ஊர் இரண்டும் அதில் இருக்கும். 1841 கணக்கெடுப்பில் வயதை நம்பாதீர்கள். பெரியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதினார்கள். 23 வயதுக்காரர் 20 ஆகிவிடுவார். ஜோன்ஸ்களுக்கோ வேல்ஸில் பஞ்சமே இல்லை! மனைவி, பிள்ளைகள் பெயரும் ஒத்துப்போனால் மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி ஆவணங்கள் லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், 'ரெயில் 684' (RAIL 684) என்ற வரிசையில் உள்ளன. 1922-ல் கம்பெனி கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயோடு இணைந்தது. பிற்கால ஊழியர்களுக்கு 'ரெயில் 264' பாருங்கள். பாதை வெட்டிய கூலியாள் என்றால் இவற்றில் அகப்படுவது அரிது. அவருக்குக் கூலி கொடுத்தவர் ஒப்பந்தக்காரர்.