ஒரே ஜார், மூன்று இடம்

அன்புள்ள அண்ணா,

பம்பலப்பிட்டியில் ஒரு சிறிய கொம்பனியில் ஸ்பிரிங் பூட்டில் (ஜாவாவில் சேர்வர் செயலி எழுத உதவும் சட்டகம்) வேலை செய்கிறேன். எங்கள் லேப்டொப், சோதனைச் சேர்வர், லைவ் சேர்வர் என்று மூன்று இடம். மூன்றுக்கும் மூன்று ப்ரொஃபைல் கோப்பு (அந்தந்த இடத்துக்கான அமைப்புகள் எழுதிய கோப்பு), அவற்றில் பெரும்பாலும் அதே வரிகள். டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் அவற்றுக்குள் கிடந்து, கோட்டின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் (Git) ஏறிவிட்டது. ஒவ்வொரு இடத்துக்கும் தனி ஜார் (ஓடத் தயாரான செயலிக் கோப்பு) கட்டுகிறோம். எப்படி ஒழுங்காக்குவது?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்தக் கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றுங்கள். கோப்பிலிருந்து அழித்தால் போதாது, கிட்டின் பழைய பதிவில் (கொமிட்டில்) அது இருந்துகொண்டே இருக்கும்.

அப்புறம், எந்த ப்ரொஃபைலில் ஓடினாலும் வாசிக்கப்படும் பொதுக் கோப்பைத் (application.properties அல்லது application.yml) திறந்து பாருங்கள். எனக்கு அதில்தான் பயம். நான் முன்பு வேலை செய்த இடத்தில் லைவ் டேட்டாபேஸ் முகவரியும் எஸ்எம்எஸ் சாவியும் பொதுக் கோப்பிலேயே இருந்தன. தைப்பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ப்ரொஃபைல் கொடுக்காமல் தன் லேப்டொப்பில் ஓடவிட்டார். 'உங்கள் தவணை தவறிவிட்டது' என்ற சோதனைச் செய்தி உண்மையான வாடிக்கையாளர்களுக்குப் போய்விட்டது. ஒரு வயதான அம்மா நடுங்கும் குரலில், "நான் போன கிழமையே கட்டிட்டேனே தம்பி" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ப்ரொஃபைல் எதுவும் இல்லை, டிஃபோல்ட்டில் ஓடுகிறேன் என்று லொக்கின் (செயலி ஓடும்போது எழுதும் பதிவின்) தொடக்கத்திலேயே ஸ்பிரிங் எழுதியிருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. அந்தத் தம்பியில் பிழை இல்லை, கோப்பை அப்படி வைத்திருந்த எங்களில்தான் பிழை.

ஆகவே பொதுக் கோப்பில் எல்லா இடத்துக்கும் ஒன்றான வரிகள் மட்டும் இருக்கட்டும். டேட்டாபேஸ் முகவரி வேண்டாம், லேப்டொப் முகவரிகூட வேண்டாம். முகவரி கிடைக்காவிட்டால் ஸ்பிரிங் பூட் தொடங்கும்போதே பிழை சொல்லி நின்றுவிடும். அப்படி நிற்பதுதான் நமக்கு வேண்டும். ஒன்று கவனம்: எச்2 (H2) போன்ற, செயலிக்குள்ளேயே ஓடும் உள்ளமை டேட்டாபேஸ் உங்கள் திட்டத்தின் சார்புகளில் (சேர்த்திருக்கும் நூலகங்களில்) இருந்தால் நிற்காது, பேசாமல் அதை எடுத்துக்கொண்டு ஓடும். எச்2-ஐ டெஸ்ட் ஸ்கோப்பில் (சோதனை ஓடும்போது மட்டும் சேரும்படி) மட்டும் வையுங்கள். எஸ்எம்எஸ் சாவி போன்ற உங்கள் சொந்த அமைப்புகளை கொன்ஃபிகரேஷன் ப்ராப்பர்ட்டீஸ் வகுப்பில் (@ConfigurationProperties) வைத்து, வலிடேட்டட் (@Validated), நொட் பிளாங்க் (@NotBlank) என்ற குறிகளைப் போட்டுவிட்டால் வெறுமையாக இருக்கும்போது அதுவும் தொடங்க மறுக்கும்.

தனித்தனி ஜார் தேவையில்லை. ஜாருக்குள் இருக்கும் கோப்பை வெளியே இருக்கும் கோப்பு மேவும், அதைச் சூழல் மாறி (environment variable, சேர்வரிலேயே வைக்கும் மதிப்பு) மேவும், அதையும் கட்டளை வரி மேவும். சோதித்த அதே ஜாரை லைவுக்குக் கொண்டுபோங்கள், கடவுச்சொல்லை அங்கே சூழல் மாறியாகக் கொடுங்கள். அந்த மாறிக்கு, அமைப்பின் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதி, புள்ளி வரும் இடத்தில் அடிக்கோடு போட வேண்டும். பெயருக்குள் சிறுகோடு வந்தால் அதை எடுத்துவிட வேண்டும், அடிக்கோடாக மாற்றக்கூடாது. இதில்தான் பலர் அரைநாளைத் தொலைக்கிறார்கள்.

பழைய திட்டம் என்றால் இன்னொன்று: ஸ்பிரிங் பூட் 2.4 பதிப்பிலிருந்து ஒரே கோப்பைப் பல பகுதியாகப் பிரித்து எழுதும் முறை மாறிவிட்டது. பகுதிக்குள் 'ஸ்பிரிங்.ப்ரொஃபைல்ஸ்' (spring.profiles) என்று இருந்த வரி இப்போது 'ஸ்பிரிங்.கொன்ஃபிக்.அக்டிவேட்.ஒன்-ப்ரொஃபைல்' (spring.config.activate.on-profile).

புதிதாக வருபவருக்கு, போலி மதிப்புகள் போட்ட மாதிரிக் கோப்பு ஒன்றை கிட்டில் வைத்துவிடுங்கள். முதல் நாள் யாரிடமும் லைவ் முகவரி கேட்கத் தேவைப்படாது.

அன்புடன்,
அண்ணா