கீழ்ச்சுவர் ஈரம்: ரசாயன ஊசிக்கு முன் சிமெண்டைப் பாருங்கள்

வணக்கம். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷரில் 1850களில் கட்டிய வீடு, கூடத்துச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஈரம், 'ரசாயன ஊசி (சுவரில் துளையிட்டு ஈரத்தடுப்பு ரசாயனம் செலுத்துவது) போடலாம்' என்கிறார் ஒப்பந்தக்காரர் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரே வரிசையில் நீளக்கல்லும் (நீளப்பக்கம் வெளியே தெரியும் செங்கல்) தலைக்கல்லும் (குறுகிய முனை வெளியே தெரியும் செங்கல்) மாறிமாறி வருகின்றன. அப்படியானால் அது நடுவில் இடைவெளியில்லாத, 9 அங்குலத் திடச்சுவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதன் சுண்ணாம்புக் காரை நனையும், பிறகு செங்கற்களுக்கு இடையிலான இணைப்புகள் வழியே காயும். பிற்காலத்தில் யாரோ இணைப்புகளில் பூசிய சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் இப்போது செங்கல் வழியேதான் வெளியேற வேண்டும். உறைபனியில் செங்கல்லின் முகம் உதிர்வது அதனால்தான்.

முதலில் மழையில் வெளியே நின்று பாருங்கள். கூரைப் பள்ளத்து ஈயத்தகடு, வார்ப்பிரும்பு மழைநீர்க் குழாயின் பின்பக்கம் (விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும்) எங்காவது ஒழுகுகிறதா என்று கவனியுங்கள். வெளித்தரை உள்தரையைவிட 150 மி.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும். தரைக்கடியில் காற்று போகச் சுவரில் வைத்த காற்றுத்துளைச் செங்கற்களைப் பூச்செடிப் பாத்தி மூடியிருந்தால் பலகைத்தரையின் உத்தரங்கள் உளுத்துப்போகும்.

அதன்பின் சிமெண்டை உளியால் 25 மி.மீ. ஆழம் எடுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம், செங்கல் விளிம்பு போய்விடும். இணைப்பை நனைத்து, ஒரு பங்கு நீரியல் சுண்ணாம்பு (தண்ணீர் பட்டு இறுகும் வகை), மூன்று பங்கு கூர்மணல் (சொரசொரப்பான மணல்) கலந்து அடையுங்கள். 5 டிகிரிக்குக் கீழே இந்த வேலை கூடாது. ஈரச்சாக்கால் சில நாள் மூடி வையுங்கள்.

உள்ளே ஜிப்சம் பூச்சு இருந்தால் அதையும் எடுத்துவிட்டு ஓராண்டாவது காயவிடுங்கள். வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால் கவுன்சிலின் பாரம்பரியக் கட்டட அலுவலரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தேவையான அனுமதி இல்லாமல் தொட்டால் குற்ற வழக்கு.