கிரேக்கப் புராணங்களில் ஆடு மேய்ப்பவர்கள் ஏன் இத்தனை பேர் வருகிறார்கள்?

மலைகள் நிறைந்த, உழவுக்கு ஏற்ற சமவெளி குறைந்த நாடு கிரேக்கம். கம்பளி, பால், பாலாடைக்கட்டி, தேவர்களுக்கான பலி என எல்லாவற்றுக்கும் ஆடுதான். அதனால் கதைகளில் அரச குமாரர்கள்கூட மந்தை மேய்க்கிறார்கள். டிராய் இளவரசன் பாரிஸ் ஈடா மலையில் மேய்ப்பனாக இருந்தபோதுதான், மூன்று தேவியரில் யார் அழகி என்று தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது.

ஆனால் மேய்ச்சல் வேலையை நுணுக்கமாகக் காட்டுவது ஹோமரின் ஒடிசி காவியத்தின் 9ஆம் காண்டம்தான். ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ் ஆளையே தின்பவன். அப்படிப்பட்டவன் தொழிலில் எவ்வளவு கச்சிதம் பாருங்கள்! குட்டிகளை வயதுவாரியாகத் தனித்தனியே அடைக்கிறான். வரிசையாகப் பால் கறந்து, ஒவ்வொரு தாயிடமும் அதன் குட்டியை விடுகிறான். பாதிப் பாலைத் திரையவைத்துக் கூடைகளில் எடுத்துவைக்கிறான். மீதி இரவில் குடிக்க.

அப்புறம், அவன் குகையில் தோழர்களோடு சிக்கி, தப்புவதற்காக அவன் கண்ணைக் குருடாக்கிய காவிய நாயகன் ஒடிசியஸ், செம்மறிக் கிடாக்களை மும்மூன்றாகக் கட்டி, நடுக்கிடாவின் வயிற்றடியில் தோழர்களை ஒளித்துத் தப்பவைக்கிறான். தான் பெரிய கிடாவின் அடியில் தொங்குகிறான். எப்போதும் முதலில் ஓடும் நீ இன்று ஏன் கடைசியாகப் போகிறாய், எசமானின் கண்ணுக்காக வருந்துகிறாயா என்று அரக்கன் அந்தக் கிடாவைத் தடவிக் கேட்கிறான். அந்த இடத்தில் எனக்கு அவன்மீது இரக்கம்தான் வருகிறது.