மாடு பயந்ததா, பின்னோக்கி இழுத்ததா?

விலங்கு நடத்தை, நலவியல் படிக்கும் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

விலங்கு நடத்தை படிக்க ஆசை. முதலில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பான பி.வி.எஸ்சி. சேர என்ன வழி? (சித்தூர்)

எந்தச் சித்தூர்? பாலக்காட்டுச் சித்தூரா, ஆந்திரச் சித்தூரா என்று எழுதாமல் சேர்க்கை பற்றிக் கேட்டால் எப்படிச் சொல்வது? இருப்பிடச் சான்று எந்த மாநிலமோ, வழியும் அந்த மாநிலத்து வழிதான். கேரளம் என்றால் நீட் மதிப்பெண். கல்லூரிகள் மண்ணுத்தியிலும் பூக்கோட்டிலும். ஆந்திரம் என்றால் திருப்பதி கால்நடைப் பல்கலைக்கழகத்தின் அறிவிக்கையைப் பாருங்கள். படிப்பு ஐந்தரை ஆண்டு.

பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவள். கால்நடை மருத்துவர் ஆகாமல் இந்தத் துறைக்கு வர முடியாதா? (கொழிஞ்சாம்பாறை)

வரலாம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1990 முதல் நடக்கும், இந்தத் துறைக்கான ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு விலங்கியல் பட்டதாரிகளும் போகிறார்கள். புள்ளியியலை மட்டும் இப்போதே தேற்றிக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சிச் சந்தையில் வண்டியிலிருந்து இறங்கிய 40 மாடுகளைப் பார்த்து, பயம் அதிகம், நடுத்தரம், குறைவு என்று குறித்தேன். எந்தப் புள்ளியியல் சோதனை போடலாம்? (கோபாலபுரம்)

எதுவும் போட முடியாது. மாதத்துக்கு நான்கு கடிதமாவது இப்படி வருகிறது, எல்லாம் தரவு எடுத்து முடித்த பிறகு. சோதனையை முடிவு செய்துவிட்டுத்தான் நோட்டுப் புத்தகத்தோடு சந்தைக்குப் போக வேண்டும்.

‘பயம்’ என்பது நீங்கள் எட்டிய முடிவு. கண் பார்த்தது அதுவல்ல. வண்டியிலிருந்து இறக்கும் பலகையில் கால் வைக்காமல் நின்றது, கயிற்றைப் பின்னோக்கி இழுத்தது, பத்து நிமிடத்தில் இரண்டு முறை சாணம் போட்டது, இவைதான் கண்ணுக்குத் தெரிபவை. ஒவ்வொன்றுக்கும் வரையறை எழுதுங்கள். குளம்பு நழுவியும் உடல் தரையில் படாவிட்டால் சறுக்கல், பட்டால் விழுதல். அதைப் படிக்கும் வேறொருவரும் அதே இடத்தில் கோடு போட வேண்டும். அப்படிப் போடுகிறார்களா என்று பார்க்க, ஒரே வீடியோவை இருவர் தனித்தனியாகக் குறித்து, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் கப்பா எண்ணைக் கணக்கிடுங்கள். 0.8 வந்தால் நல்லது, 0.6-க்குக் கீழே போனால் வரையறையைத் திருத்தி எழுதுங்கள்.

அடுத்தது, ஃபோக்கலா ஸ்கேனா? ஒரு மாட்டைப் பத்து நிமிடம் விடாமல் பார்ப்பது ஃபோக்கல். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டம் முழுவதையும் குறிப்பது ஸ்கேன். சறுக்கல் நொடியில் முடிந்துவிடும், ஸ்கேனில் சிக்காது. நடத்தையைக் கவனித்துக் குறிக்கும் முறைகள் பற்றி ஜீன் ஆல்ட்மன் எழுதிய 1974 கட்டுரையைப் படிக்காமல் களத்துக்குப் போகாதீர்கள்.

பெரிய ஓட்டை இன்னொன்று. அந்த 40 மாடும் எத்தனை வண்டியில் வந்தன? நான்கு வண்டி என்றால் பயணத்தைப் பொறுத்தவரை உங்கள் கையில் இருப்பது நான்கு அலகு, நாற்பது அல்ல. ஒரே ஓட்டுநர், ஒரே நெரிசல், ஒரே பலகை. மறுபடி தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் தரவை ஒத்திகையாக வைத்துக் கழித்துவிடுங்கள்.

கோயில் திருவிழாவுக்கு வரும் யானை செண்டை மேளத்துக்கு ஏற்பத் தலையாட்டுகிறது. ரசிக்கிறது என்று எழுதலாமா? (பாலக்காடு)

கூடாது. மேளம் இல்லாத நேரத்தில், கட்டுத்தறியில் நிற்கும்போது பாருங்கள். அங்கேயும் அதே ஆட்டம் என்றால் அது ஸ்டீரியோடைப்பி, அதாவது பயனின்றி ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு. அதை வைத்து இன்றைய பாகனைக் குறை சொல்லிவிடவும் கூடாது. பழைய இடத்தில் பிடித்த பழக்கம் நல்ல இடத்திலும் நீடிக்கும். எத்தனை மணி நேரம் சங்கிலியில் நிற்கிறது, தரை என்ன, துணை யானை உண்டா என்றும் குறியுங்கள். இங்கும் வரையறை முதலில், பெயர் பிறகு.

ஐந்து சுதந்திரங்களா, ஐந்து களங்களா? (புத்தூர்)

இரண்டும் விலங்கு நலத்தை அளக்கும் சட்டகங்கள். பசி, வலி, பயம் போன்றவை இல்லாதிருப்பதைப் பார்ப்பது சுதந்திரங்கள்; உணவு, சூழல், உடல்நலம், நடத்தை, மனநிலை என்று பார்ப்பது களங்கள். தேர்வுக்கு இரண்டும். மதிப்பீட்டுக்குக் களங்கள், விலங்குக்குக் கிடைக்கும் இன்பமும் அதில் கணக்கில் வரும்.

தெருநாய்களைக் கவனிக்கப் போகிறோம். என்ன முன்னேற்பாடு? (குப்பம்)

முதலில் வெறிநோய்த் தடுப்பூசி: 0, 7 ஆம் நாள்கள், பிறகு 21 அல்லது 28 ஆம் நாள். அதற்கு முன் தெருவில் இறங்க வேண்டாம். ஒவ்வொரு நாயையும் இரு பக்கமும் படமெடுத்து எண் கொடுங்கள். காதில் வெட்டு இருந்தால் கருத்தடை செய்த நாய். அட்டவணையில் அதற்குத் தனிப் பத்தி. சோறு போட்டு அழைக்காதீர்கள், நடத்தையே மாறிவிடும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முன்பு ஊசி போட்டிருந்தாலும்தான்.