டீன் ஏஜ் பிள்ளைகளோடு ஆல்ப்ஸ் பக்கம் மூன்று நாள்: எந்த ஊர், எப்படித் திட்டமிடுவது?

கேள்வி கேட்டவருக்கு 12 வயதிலும் 15 வயதிலும் பிள்ளைகள். மலையும் வேண்டும், சுற்றிப் பார்க்க ஒரு ஊரும் வேண்டும், கையில் மூன்று நாள்தான் என்கிறார். எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். மியூனிக்கில் இருக்கிறோம், மகளுக்கு 16, மகனுக்கு 13. ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பி நாலு பேரும் ஆஸ்திரியாவில் இருக்கும் இன்ஸ்ப்ரூக் போய் வந்தோம். எந்த ஊர் என்று கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன்.

அதற்கு முந்தைய வருடம் வேறொரு மலை ஊருக்குப் போய் நன்றாகப் பட்டுக்கொண்டோம். என் வீட்டுக்காரர் எக்செல்லில் அட்டவணையே போட்டிருந்தார். 8.15 சாப்பாடு, 9 மணிக்கு மியூசியம், 10.40 படகு. இரண்டாம் நாள் மதியம் மகள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். “நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க.” விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. தங்கியிருந்த இடம் ஏரிக்கு அந்தப் பக்கம், பஸ்ஸோ மணிக்கு ஒன்று. கடைசியில் நாலு பேரும் அதே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போதெல்லாம் ஊர் தேடும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: பிள்ளைகள் எங்களை விட்டுப் பிரிந்து போய், தாங்களாகவே திரும்பி வந்து சேர முடிகிற ஊரா அது?

இன்ஸ்ப்ரூக் அப்படிப்பட்ட ஊர். மக்கள்தொகை சுமார் 1.3 லட்சம்தான். ரயில் நிலையத்திலிருந்து பழைய ஊருக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்துவிடலாம். டிராம் இருக்கிறது. மலை ஏறும் ரயிலோ பழைய ஊரின் ஓரத்திலேயே, பூமிக்கு அடியில் இருக்கும் ஒரு ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிறது.

அந்த ரயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழனி விஞ்ச் போலக் கயிறு இழுக்கும் ரயில், பெயர் ஹங்கர்பர்க் பான். ஸ்டேஷன்களை வடிவமைத்தவர் ஸாஹா ஹதீத், திறந்தது 2007-ல். உருகி வழியும் பனிக்கட்டி மாதிரி கூரைகள். ரயில் இன் நதியைப் பாலத்தில் கடந்து, அப்புறம் செங்குத்தாக ஏறுகிறது. மகன் வெளியே வேடிக்கை பார்க்கவே இல்லை, பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சரிவு மாற மாற ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகச் சாய்ந்து, தரையை மட்டமாக வைத்துக்கொள்கிறது. சாதாரணமாக எதையும் மெச்சிப் பேசாத பையன், “இது செம” என்றான்.

மேலே இறங்கினால் ரோப் கார். 1905 மீட்டரில் ஸேக்ரூப, அங்கே மாறி இன்னொன்றில் ஏறினால் 2256 மீட்டரில் ஹாஃபெலேகார். ஊர் இருப்பது 574 மீட்டரில். காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டியின் உயரத்துக்குப் போய்விடுகிறீர்கள். ஊட்டியில் மரம் இருக்கும், இங்கே வெறும் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, ஜூனிலும் இடுக்குகளில் பனி. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி என்று குளிர் கூடும். கீழே 26 டிகிரி வெயிலில் “ஜாக்கெட் எதுக்கு?” என்று கேட்டவன், மேலே என் அரக்கு நிறச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, “போட்டோ மட்டும் எடுக்காதீங்க” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அக்கா எடுத்துவிட்டாள். கான்வாஸ் ஷூவும் வேண்டாம். உச்சிக்குப் போகும் கடைசிப் பதினைந்து நிமிடப் பாதை முழுக்கச் சரளைக்கல்.

உச்சி 2334 மீட்டர். தெற்கே பார்த்தால் ஊர் முழுவதும் பொம்மைக் கொலு மாதிரி அடுக்கி வைத்திருக்கிறது. ஓடுபாதை ஒரு சாம்பல் கோடு. நாங்கள் நின்றபோது ஒரு விமானம் இறங்க வந்தது, எங்களுக்குக் கீழே. “அம்மா, ப்ளேனோட முதுகு தெரியுது பாருங்க!” அப்படியே திரும்பி வடக்கே பார்த்தால் கார்வெண்டல் மலைகள், வரிசைக்குப் பின்னால் வரிசையாகப் பாறை. வீடு, சாலை, கோபுரம் எதுவும் கண்ணில் படவில்லை. மகள் அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், போனைத் தொடாமல். நான் எதுவும் கேட்கவில்லை.

மலைக்கு எந்த நாள் என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். காலையில் எழுந்து உச்சியின் வெப்கேமைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் கடைசி நாளுக்குத் தள்ளவும் கூடாது. தெற்கிலிருந்து ஃபோன் என்று ஒரு வெதுவெதுப்பான காற்று இறங்கும். வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் காற்று பலமானால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். ஊர்க்காரர்கள் தலைவலியிலிருந்து கோபம் வரை எல்லாவற்றுக்கும் அந்தக் காற்றைத்தான் திட்டுகிறார்கள்.

திட்டம் என்று நாங்கள் வைத்துக்கொண்டது இவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயத்துக்கு எல்லாரும் சேர்ந்து போக வேண்டும். பத்து மணிக்கு முன்னால் யாரையும் எழுப்பக் கூடாது. ஆளுக்கு அரை நாள் சொந்தம், அந்த அரை நாளில் அவர் சொல்வதுதான் சட்டம், மற்றவர்கள் முகம் சுளிக்கக் கூடாது. மாலை நாலிலிருந்து ஆறரை வரை பிள்ளைகள் தனி, நாங்கள் தனி. போனில் சார்ஜ் இருக்க வேண்டும், இருக்குமிடம் பகிர்ந்திருக்க வேண்டும், ஆறரைக்குத் தங்கக் கூரைக்குக் கீழே வந்து நிற்க வேண்டும்.

தங்கக் கூரை என்பது இந்த ஊரின் அடையாளம். பேரரசர் மாக்ஸிமிலியன் காலத்தில், 1500 வாக்கில் கட்டிய ஒரு மாடம். அதன் மேல் தங்க முலாம் பூசிய 2,657 செப்பு ஓடுகள். நேரில் பார்த்ததும் இரண்டு பேரும் ஒரே குரலில், “இவ்ளோதானா?” உண்மையில் சின்னதுதான். ஆனால் சந்திக்கும் இடமாக அதைவிட வசதியான ஒன்று கிடையாது. யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

போன் பற்றிச் சொன்னதால் ஒன்று. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 2017 முதல் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஜெர்மன் சிம் ஆஸ்திரியாவில் அப்படியே ஓடும். சுவிட்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் இல்லை. சில பிளான்களில் சேர்த்திருப்பார்கள், சிலவற்றில் கிடையாது. டீன் ஏஜ் பிள்ளைகளோடு எல்லை தாண்டும்போது பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடியாக இதைப் பாருங்கள்.

வீட்டுக்காரருக்குக் கிடைத்த அரை நாளில் ஹோஃப்கிர்ஹ என்ற அரண்மனைத் தேவாலயம். எனக்கே கொட்டாவி வந்துவிடுமோ என்று பயந்தேன். உள்ளே நடுவில் மாக்ஸிமிலியனின் பிரம்மாண்டமான சமாதி, இரு பக்கமும் ஆள் உயரத்தைவிடப் பெரிய 28 வெண்கலச் சிலைகள், காவல் நிற்பது போல. அந்தச் சமாதி காலி என்பதுதான் வேடிக்கை. 1519-ல் இறந்தவரைப் புதைத்தது வீனர் நொய்ஷ்டாட் என்ற வேறொரு ஊரில். நாற்பது சிலை வேண்டும் என்று ஆசைப்பட்டாராம், முடிந்தது 28. சிலைகள் எல்லாம் கறுத்துக் கிடக்க, ஒரே ஒரு அரசரின் கவசத்தில் ஒரு குறிப்பிட்ட இடம் மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கை பட்டுப் பளபளக்கிறது. எந்த இடம் என்று நான் எழுத மாட்டேன். உங்கள் பிள்ளைகள் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துச் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடுவார்கள்.

மகன் கேட்டது பாறை ஏறும் கூடம். 2018-ல் ஏறுதல் விளையாட்டின் உலக சாம்பியன்ஷிப் நடந்த ஊர் இது. உள்ளூர்ப் பொடிசுகள் சுவரில் பல்லி மாதிரி ஓடுகிறார்கள். ஷூ வாடகைக்குக் கிடைக்கும். அப்பாவும் கூட ஏறினார்; மூன்றாவது பிடியில் தொங்கியபடி, “இப்ப எப்படி இறங்குறது?” என்று என்னைக் கேட்டார். அந்த வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்னும் சுற்றுகிறது.

மகள் தேர்ந்தெடுத்தது பெர்க்கிஸல், பனிச்சறுக்கில் தாவுகிறவர்களுக்கான கோபுரம். இதுவும் ஹதீத் வடிவமைத்ததுதான். மேலே ஒரு காபிக் கடை இருக்கிறது. கண்ணாடி வழியாகக் குதிப்பவர் பார்ப்பதை நாமும் பார்க்கலாம்: சரிவு, மைதானம், அதற்கு நேர் எதிரே கீழே ஒரு கல்லறைத் தோட்டம். “யாரும்மா இந்த இடத்தைப் பார்த்துக் கட்டினாங்க?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. திரும்பும் வழியில் நதிக்கு அக்கரையில் வரிசையாக நிற்கும் வண்ண வீடுகளுக்கு முன்னால் நாற்பது படமாவது எடுத்திருப்பாள்.

எனக்குக் கிடைத்த அரை நாளில் நான் ஒரு கடையில் உட்கார்ந்து காபி குடித்தேன். அவ்வளவுதான்.

விட்டுவிட்டவையும் உண்டு. வாட்டென்ஸில் இருக்கும் ஸ்வரோவ்ஸ்கி கண்ணாடி உலகத்துக்கு ஊரிலிருந்து பஸ் போகிறது, ஆனால் அரை நாள் போய்விடும். ஆல்ப்ஸ் விலங்குகளுக்கான மிருகக்காட்சி சாலை உங்கள் 12 வயதுக்காரருக்குப் பிடிக்கலாம், 15 வயதுக்காரர் கண்ணை உருட்டுவார். இத்தாலியில் இருக்கும் போல்ட்ஸானோவுக்குப் போய், பனியில் உறைந்து கிடைத்த 5,300 வருடப் பழைய மனித உடலான ஏட்ஸியைப் பார்த்துவிடலாம் என்றும் வீட்டில் ஒருவருக்கு ஆசை வந்தது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். நாலாவது நாள் இருந்தால் மட்டும் போங்கள்.

சாப்பாடு. சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை. காஸ்ப்ரஸ்க்னேடல் என்று சீஸும் ரொட்டியும் பிசைந்து தட்டிப் பொரித்த வடை மாதிரி ஒன்று உண்டு. அதைச் சூப்பில் போட்டுத் தருவார்கள். வடை சைவம்தான், சூப் பெரும்பாலும் மாட்டு எலும்புச் சாறு. கேட்டுவிட்டு வாங்குங்கள், சாலட்டோடு தனியாகவும் கிடைக்கும். கியாக்ல் என்று எண்ணெயில் பொரித்த ஒன்றைச் சந்தைக் கடையில் பார்த்தோம். ஓரம் உப்பி நடுவில் குழிந்த தடிமனான பூரி. குழியில் புளித்த முட்டைக்கோஸ் அல்லது காட்டுப் பழ ஜாம். மகன் மூன்று தின்றான். குழாய்த் தண்ணீர் மலை ஊற்றிலிருந்து வருகிறது, பாட்டில் வாங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பிள்ளைகளுக்கு ஷாப்பிங் ஆசை இருந்தால் சனிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.

செலவு விஷயத்தில், 15 வயது ஒரு எல்லைக்கோடு. ஜெர்மன், ஆஸ்திரிய ரயில் இரண்டிலும் 15 ஆகிவிட்டால் முழு டிக்கெட். அறை பதிவு செய்யும்போது வயதைச் சரியாகப் போடுங்கள். ‘குடும்ப அறை’ என்பதை நம்பாதீர்கள், பாதி இடங்களில் அது சோபாவை இழுத்துப் போடுவதுதான். நாங்கள் இரண்டு படுக்கையறை உள்ள வீடாக எடுத்து, மகளுக்கு ஒன்றைக் கொடுத்து, மகனைக் கூடத்தில் படுக்கவைத்தோம். வீட்டில் அமைதி நிலவியது.

இன்ஸ்ப்ரூக் கார்டு 24, 48, 72 மணி நேரக் கணக்கில் கிடைக்கும். மலை ரயில், ரோப் கார், பெர்க்கிஸல், தேவாலயம், டிராம் எல்லாம் அதில் அடக்கம். முதலில் பயன்படுத்திய நேரத்திலிருந்துதான் மணிக்கணக்கு. அதனால் நண்பகலில் ஆரம்பித்தால் மறுநாள் நண்பகல் வரை ஓடும், 24 மணி நேரக் கார்டிலேயே இரண்டு நாளைச் சமாளித்துவிடலாம்.

மியூனிக்கிலிருந்து குஃப்ஸ்டைன் வழியாக நேர் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நேரம் இருந்தால் ஒரு வழியாவது கார்மிஷ், ஸேஃபெல்ட் பாதையில் வாருங்கள். ஒரு மணி நேரம் கூடுதல், ஆனால் இன்ஸ்ப்ரூக்கை நெருங்கும்போது ரயில் மலைச்சுவரில் ஒட்டிக்கொண்டே இறங்குகிறது. திரும்பி வரும்போது ஜெர்மன் எல்லையில் போலீஸ் ஏறி ஆவணம் பார்ப்பார்கள். மகனின் ரெசிடென்ஸ் கார்டைக் காணோம் என்று நான் மூன்று பைகளைக் கொட்டிக் கவிழ்த்தேன். போனில் இருந்த படத்தைக் காட்டினால் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மலை உச்சியில் அவன் போடாமல் விட்ட அந்த ஜாக்கெட்டின் பாக்கெட்டில் இருந்தது.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வசந்த காலத்திலும் நவம்பர் வாக்கிலும் பராமரிப்புக்காக ரோப் காரைச் சில வாரம் மூடுவார்கள். தேதிகளை அவர்கள் தளத்தில் போட்டிருப்பார்கள்.